சிவகாசியும், கழட்டி மாட்டுற கிராபிக்ஸ் கார்டும்

மல்லாங்கிணறுல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். விருதுநகர்ல இருந்து காரியாப்பட்டி போற வழியில இருக்கே, அந்த மல்லாங்கிணறு. அவரோட மாமா சிவகாசியில டிசைனிங் சென்டர் வச்சிருந்தவர். தொழிலை விட்டப்போ ஒரு பழைய ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டரை இவர்கிட்ட குடுத்துட்டார். 27 இன்ச் ஸ்கிரீன், ஒரு கீறல்கூட இல்ல. ஆனா ஆன் பண்ணினா கோடு கோடா வருது, கொஞ்ச நேரத்துல அப்படியே உறைஞ்சு நின்னுடுது. சர்வீஸ் கடையில “கிராபிக்ஸ் போச்சு, எடைக்குப் போட்டுடுங்க”ன்னு சொல்லிட்டாங்களாம். தம்பி கேக்குறார்: “அண்ணே, உள்ள மாமா பண்ண காலண்டர், பட்டாசு லேபிள் பைல் எல்லாம் இருக்கு. கார்டை மட்டும் மாத்திப் பாக்க முடியுமா?”

முடியுமா முடியாதாங்கிறது அந்த மெஷின் பிறந்த வருசத்தைப் பொறுத்தது. ஏன் வருசம் அவ்வளவு முக்கியம்னு சொல்லணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். சிவகாசியில இருந்தே ஆரம்பிப்போம்.

சிவகாசியோட கதை உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். 1920களோட தொடக்கத்துல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு வந்தாங்க. தீப்பெட்டி வந்தா லேபிள் வேணும். லேபிள் வேணும்னா அச்சகம் வேணும். பட்டாசு வந்தப்போ அதுக்கும் லேபிள். அப்புறம் காலண்டர், சாமி படம், நோட்டு அட்டை. கோவில்பட்டியில இருந்து கொண்டையராஜு வரைஞ்ச முருகனும் மீனாட்சியும் காலண்டரா நம்ம தாத்தா வீட்டுச் சுவருக்கு வந்ததும் இந்த வழியிலதான்.

இதுல ஒரு சின்ன விஷயத்தை அதிகமா யாரும் பேசுறதில்ல. அந்தக் காலத்து லித்தோ அச்சு, கல்லுல பண்றது. 1796 வாக்கில ஜெர்மனியில அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடிச்ச முறை. வழுவழுன்னு தேய்ச்ச சுண்ணாம்புக் கல்லு மேல எண்ணெய்ப் பசையுள்ள மையில படம் வரைவாங்க. கல்லை ஈரமாக்கினா, வரைஞ்ச இடம் மட்டும் தண்ணியைத் தள்ளி மையைப் பிடிக்கும். வேலை முடிஞ்சதும் கல்லைத் தூக்கிப் போட மாட்டாங்க. மேல் பரப்பைத் தேய்ச்சு எடுத்துட்டு அடுத்த படத்தை வரைவாங்க. கனமான, விலை கூடின கல்லு அப்படியே இருக்கும், மேல இருக்கிற படம் மட்டும் மாறும்.

ஆப்செட் வந்த பிறகும் சிவகாசி இந்தப் புத்தியை விடல. ஜெர்மனியிலயும் ஜப்பான்லயும் ஒரு ரவுண்டு ஓடி முடிச்ச மெஷின்களை செகண்ட் ஹேண்ட்ல இறக்கி, ரோலரை மாத்தி, பிளாங்கெட்டை மாத்தி, தேஞ்ச பல்சக்கரத்தை இங்கேயே கடைசல் பட்டறையில செஞ்சு போட்டு, மறுபடியும் பல வருசம் ஓட்டின ஊரு அது. புது மெஷின் வாங்க வசதி இருக்கிறவங்களும் உண்டு, வாங்குறாங்க. ஆனா சின்ன அச்சகங்கள் வளர்ந்தது இந்தப் பழைய மெஷின்கள் முதுகுல ஏறித்தான். உடம்பை வச்சுக்கோ, போனதை மட்டும் மாத்து. அங்க இதை ஒரு கொள்கைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, வேலை செய்ற விதமே அதுதான்.

இப்போ கம்ப்யூட்டருக்கு வருவோம். அச்சுத் தொழிலுக்குள்ள கம்ப்யூட்டர் வந்த பாதையில ஒரு முரண் இருக்கு. 1984 ஜனவரியில ஆப்பிள் வெளியிட்ட முதல் மேக்கின்டாஷ் ஒரு ஆல்-இன்-ஒன். ஸ்கிரீனும் மூளையும் ஒரே பெட்டிக்குள்ள. பெட்டியைத் திறக்க நீளமான டார்க்ஸ் ஸ்க்ரூ டிரைவர் வேணும், சாதாரண வீட்டுல அது இருக்காது. உள்ள கார்டு மாட்ட இடமும் கிடையாது. திறக்காதீங்கன்னு வாயால சொல்லாம டிசைன்லயே சொல்லிட்டாங்க. அடுத்த வருசமே ஆல்டஸ் கம்பெனியோட பேஜ்மேக்கரும் ஆப்பிளோட லேசர்ரைட்டர் பிரிண்டரும் வந்து ‘டிடிபி’ங்கிற தொழிலே பிறந்தது. நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ‘டிடிபி சென்டர்’னு போர்டு தொங்குதே, அதோட தாத்தா இதுதான்.

ஆனா அச்சகத்துக்காரங்களுக்குப் பூட்டின பெட்டி பத்தல. கலர் வேணும், பெரிய ஸ்கிரீன் வேணும். 1987ல வந்த மேக்கின்டாஷ் டூ-ல ஆறு ஸ்லாட் இருந்தது. வீடியோ கார்டை நீங்களே வாங்கிச் சொருகிக்கலாம். அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு டிசைன் வேலைன்னா டவர் மெஷின்தான். சிவகாசியில பாதிக்கு மேல விண்டோஸ், கோரல்டிராதான் ஓடிச்சுன்னு வாதாடுறவங்க இருக்காங்க, நானும் அதை மறுக்கல. அதுவும் டவர்தான். கார்டு போச்சுன்னா மூடியைக் கழட்டு, பழசைப் பிடுங்கு, புதுசைச் சொருகு. பத்து நிமிச வேலை.

1998 ஆகஸ்ட்ல ஐமேக் கடைக்கு வந்தது. நீலப் பச்சையில, உள்ள இருக்கிறது தெரியிற பிளாஸ்டிக்ல, முட்டை மாதிரி ஒரு பெட்டி. மறுபடியும் ஆல்-இன்-ஒன். அதோட போர்டுல, எந்த விளம்பரத்துலயும் சொல்லாத ஒரு ஸ்லாட் இருந்தது. மெசனைன் ஸ்லாட்னு பேரு. மைக்ரோ கன்வெர்ஷன்ஸ்னு ஒரு கம்பெனி இதைப் பாத்துட்டு, வூடூ-2 சிப் வச்ச ‘கேம் விசார்ட்’ங்கிற கார்டை அந்த ஸ்லாட்டுக்குன்னே செஞ்சு வித்தாங்க. நினைச்சுப் பாருங்க, கார்டு மாத்த முடியாதுன்னு எல்லாரும் நம்பின மெஷினுக்குள்ள ஒரு 3டி கார்டு! 1999 ஜனவரியில அடுத்த ஐமேக் வந்தப்போ அந்த ஸ்லாட்டையே தூக்கிட்டாங்க. ஆல்-இன்-ஒன் வரலாறு முழுக்க இதேதான் திரும்பத் திரும்ப நடக்குது. எங்கேயோ ஒரு சந்து திறந்திருக்கும், யாராவது அதைக் கண்டுபிடிப்பாங்க, அடுத்த மாடல்ல அதை அடைச்சிடுவாங்க.

அடுத்த சந்து லேப்டாப் உலகத்துல இருந்து வந்தது. லேப்டாப் கம்பெனி ஒவ்வொண்ணும் கிராபிக்ஸ் சிப்பை அவங்கவங்க போர்டுல அவங்கவங்க பாணியில ஒட்டிக்கிட்டு இருந்த காலத்துல, என்விடியா 2004ல ஒரு பொது அளவைக் கொண்டு வந்தது. எம்எக்ஸ்எம்னு பேரு. கிராபிக்ஸ் சிப், அதோட மெமரி ரெண்டையும் ஒரு சின்ன அட்டையில வச்சு, ரேம் சொருகுற மாதிரி சாய்வா சொருகிடலாம். பின்னாடி வந்த மூணாவது பதிப்புல ரெண்டு சைஸ். சின்னது 82 மில்லிமீட்டருக்கு 70. பெரியது 82க்கு 105. உள்ளங்கையில அடங்கிடும்.

இது உங்களுக்காகவோ எனக்காகவோ செஞ்சது கிடையாது. ஒரே லேப்டாப் பாடியில மூணு விலைக்கு மூணு கார்டு போட்டு விக்கலாம்ங்கிற உற்பத்தியாளர் வசதிக்காகச் செஞ்சது. ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டருக்குள்ள இடம் கம்மி, அதனால அவங்களும் இதையே எடுத்துக்கிட்டாங்க. 2006ல வந்த 24 இன்ச் ஐமேக்ல இந்த வகைக் கார்டு இருந்தது. 2009 அக்டோபர்ல வந்த முதல் 27 இன்ச் ஐமேக்ல இருந்து 2011 மாடல் வரைக்கும், பெரும்பாலும் லேப்டாப் கார்டோட ஒத்துப்போற அதே அளவு. அதாவது, ஒட்டுமொத்தமா பூட்டின மாதிரி தெரிஞ்ச மெஷினுக்குள்ள கழட்டி மாட்டக்கூடிய ஒரு உறுப்பு இருந்தது. வாங்கினவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது.

எப்போ தெரிஞ்சதுன்னா, கெட்டுப்போனப்போ. 2011 நடுவுல வந்த 27 இன்ச் ஐமேக்ல ஏஎம்டியோட ரேடியான் எச்டி 6970எம் கார்டு சிலதுல கோளாறு. ஸ்கிரீன் சிதறும், நிறம் மாறும், வெள்ளையாவோ நீலமாவோ நின்னுடும். 2011 மே-யில இருந்து 2012 அக்டோபருக்குள்ள வித்த சில மெஷின்களுக்குக் கார்டை இலவசமா மாத்தித் தர்றோம்னு ஆப்பிள் 2013 ஆகஸ்ட்ல அறிவிச்சது. அந்தக் காலக்கெடு முடிஞ்ச பிறகு கெட்டுப்போனவங்க கதி? அவங்கதான் நம்ம கதையோட நாயகர்கள்.

முதல்ல அவங்க பண்ணது அவன்ல வச்சுச் சுட்டது. நிஜமாத்தான் சொல்றேன். கார்டைக் கழட்டி, பிளாஸ்டிக்கை எல்லாம் எடுத்துட்டு, கேக் சுடுற அவன்ல சில நிமிசம் வச்சு எடுத்தா மெஷின் உயிர் பெறும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனீங்கன்னா ‘ரீபாலிங்’, ‘சிப் லெவல் சர்வீஸ்’னு போர்டு பாக்கலாம். அது இன்னும் முறையான வேலை, சிப்பைத் தூக்கி அடியில இருக்கிற ஈயக் குண்டுகளைப் புதுசா வைப்பாங்க. ஆனா பல சமயம் விரிசல் விழுந்தது அந்தக் குண்டுகள்ல இல்ல. அதுக்கும் மேல, சிலிக்கானுக்கும் அதைத் தாங்குற தட்டுக்கும் நடுவுல இருக்கிற நுண்ணிய இணைப்புகள்ல. சூடாகி ஆறி, சூடாகி ஆறி அங்க விடும். அவன்ல வச்சா தற்காலிகமா ஒட்டிக்கும், சில வாரம், சில மாசம், மறுபடி போகும். 2008லயே என்விடியா தன்னோட லேப்டாப் சிப்கள்ல இதே மாதிரி பேக்கேஜிங் பலவீனத்துக்காக 15 கோடி டாலருக்கு மேல ஒதுக்கி வைக்க வேண்டி வந்தது. அதனால ஒரு கம்பெனியை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. யாராவது “சூடு காட்டித் தர்றேன், ரெண்டாயிரம் ஆகும்”னு சொன்னா, வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்.

ரெண்டாவதா அவங்க பண்ணதுதான் உருப்படியானது. பழைய மொபைல் ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப்கள்ல இருந்து கழட்டின என்விடியா குவாட்ரோ கே1100எம், கே2100எம் கார்டுகளை எடுத்து உள்ள போட்டாங்க. 2013ல வந்த கார்டு இதெல்லாம். பழைய 6970எம்-ஐ விட ரொம்பக் கம்மியா மின்சாரம் குடிக்கும், கே2100எம் 55 வாட்தான். சூடு கம்மின்னா ஆயுசு கூட.

எப்படிப் போடுறது? முன்னாடி இருக்கிற கண்ணாடி காந்தத்துலதான் ஒட்டியிருக்கும். ஜன்னல் கண்ணாடி தூக்குற வெற்றிடக் கப் ரெண்டு வச்சு இழுத்தா வந்துடும். அப்புறம் டார்க்ஸ் ஸ்க்ரூ. ஸ்கிரீனைத் தூக்கும்போது பின்னாடி மெல்லிசா சில கேபிள்கள் இருக்கும், அவசரப்பட்டா அறுந்துடும். போர்டை வெளிய எடுத்துத்தான் கார்டைத் தொட முடியும். ஹீட்சிங்க்ல ஒட்டின பழைய பேஸ்டைத் துடைச்சு, தெர்மல் பேட் மாத்தி, புதுக் கார்டோட ஸ்க்ரூ ஓட்டைகள் பழைய ஹீட்சிங்க்குக்கு நேரா வருதான்னு பாக்கணும். பவர் சப்ளை போர்டு உள்ள திறந்தபடி இருக்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், கை வைக்கக் கூடாது. திரும்ப மூடும்போது ஒரு சென்சார் வயரை மாட்ட மறந்தா பேன் எல்லாம் கிரைண்டர் மாதிரி கத்தும். அப்படிக் கத்தினா பயப்படாதீங்க, வயரைத் தேடுங்க.

இவ்வளவும் பண்ணி ஆன் பண்ணினா ஸ்கிரீன் கருப்பா நிக்கும்! ஏன்னா அந்தக் கார்டுக்குள்ள இருக்கிற சின்ன மென்பொருள், அதை விபயாஸ்னு சொல்வாங்க, லேப்டாப்புக்குன்னு எழுதினது. ஐமேக்கோட பேச அதுக்குத் தெரியாது. ஆபரேட்டிங் சிஸ்டம் முழுசா ஏறின பிறகுதான் படம் வரும், அதுவும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. இதை உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த ஆர்வலர்கள் பல வருசம் உக்காந்து சரி பண்ணாங்க. விபயாஸைத் திருத்தி எழுதி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சிஎச்341ஏ புரோகிராமரோட கிளிப்பை அந்தச் சிப்ல கவ்வ வச்சு உள்ள ஏத்தினாங்க. சம்பளம் கிடையாது, லாபம் கிடையாது.

அவங்க ஏன் இவ்வளவு மெனக்கெட்டாங்க? இங்கதான் கதையோட இன்னொரு வில்லன் வர்றார், சாப்ட்வேர். ஆப்பிள் மெட்டல்னு ஒரு கிராபிக்ஸ் முறையை 2015ல மேக்குக்குக் கொண்டு வந்தது. 2018ல வந்த மொஹாவே, மெட்டல் தெரியாத கார்டு இருந்தா ஓடாது. 2011 ஐமேக்கோட ஒரிஜினல் கார்டுக்கு மெட்டல் தெரியாது. பிராசசர் நல்லா ஓடுது, ரேம் போதும், ஸ்கிரீன் அருமை. ஒரு உள்ளங்கை அட்டைக்காக முழு மெஷினும் காலாவதி. குவாட்ரோ கே-வரிசைக்கு மெட்டல் தெரியும். அதை மாட்டி, பிறகு வந்த ஓப்பன்கோர் லெகசி பேட்சரைப் போட்டா, ஆப்பிளே கைவிட்ட மெஷின்ல புது சிஸ்டம் ஓடுது. அதுவும் நிரந்தரம் இல்ல. 2021ல மான்டெரே வந்தப்போ அந்தக் கே-வரிசைக்கான டிரைவரையும் ஆப்பிள் எடுத்துட்டது. பேட்சர்காரங்க அதையும் திரும்பக் கொண்டு வந்து ஒட்டுறாங்க. எலியும் பூனையும் விளையாட்டு.

2012 அக்டோபர்ல ஓரம் அஞ்சு மில்லிமீட்டர்ல ஒரு புது ஐமேக்கைக் காட்டினாங்க. அரங்கத்துல கைத்தட்டல். கண்ணாடியும் ஸ்கிரீனும் ஒரே துண்டாச்சு, காந்தம் போய் பசை வந்தது, கிராபிக்ஸ் சிப் நேரா போர்டுல ஈயத்துல போய் உக்காந்தது. சந்து அடைபட்டது. ஓரம் மெல்லிசானதால வேலை பாக்குறவருக்கு என்ன லாபம்? முன்னாடி உக்காந்து காலண்டர் பண்றவருக்கு ஓரம் கண்ணுக்கே தெரியாது.

வேற மாதிரியும் செய்யலாம்ங்கிறதுக்கு அதே வருசமே சாட்சி இருக்கு. 2012 பிப்ரவரியில எச்பி, இசட்1னு 27 இன்ச் ஆல்-இன்-ஒன் ஒர்க்ஸ்டேஷனை அறிமுகப்படுத்தினது. மேஜை மேல படுக்க வச்சு, ஸ்கிரீனை கார் பானெட் மாதிரி தூக்கலாம். ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம். உள்ள ஹார்ட் டிஸ்க், 400 வாட் பவர் சப்ளை, எம்எக்ஸ்எம் கிராபிக்ஸ் கார்டு எல்லாத்தையும் கையாலயே கழட்டி மாட்டலாம். குண்டா இருந்தது, கனமா இருந்தது, விலையும் அதிகம். ஐமேக் அளவுக்கு அது ஓடல. எனக்கு என்னவோ அதுதான் சிவகாசி மெஷின்னு தோணும். இதுலயும் எந்தக் கார்டையும் போட்டுட முடியாது, பயாஸ் ஏத்துக்கணும், ஹீட்சிங்க் பொருந்தணும். ஆனா குறைஞ்சபட்சம் கதவு இருந்தது.

சரி, நேரடியா விஷயத்துக்கு வர்றேன். உங்ககிட்ட இருக்கிறது 2009ல இருந்து 2011 வரைக்கும் வந்த 27 இன்ச் ஐமேக்கோ, எச்பி இசட்1-ஓ இருந்தா கார்டு மாத்தலாம். அதுக்கப்புறம் வந்த ஐமேக்னா கார்டுன்னு தனியா ஒண்ணு இல்ல, போர்டையே மாத்தணும், அது கட்டுப்படியாகாது. மாத்தலாம்ங்கிற மெஷின்லயும், மெதுவா ஓடுறதுதான் பிரச்சினைன்னா முதல்ல ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போடுங்க. லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை மாதிரி வேலைக்கு அதுதான் கண்ணுக்குத் தெரியிற வித்தியாசம் குடுக்கும். கிராபிக்ஸ் கார்டு மாத்த நியாயமான காரணம் ரெண்டுதான்: பழசு செத்திருக்கணும், இல்ல மெட்டல் தேவைப்படணும்.

பைல்களைப் பத்தி இனி. கிராபிக்ஸ் கார்டு போனதால பைல் போகாது, பைல் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. கார்டு வாங்க ஓடுறதுக்கு முன்னாடி டிஸ்க்கைக் கழட்டி, யுஎஸ்பி கேஸ்ல போட்டு, இன்னொரு மேக்ல சொருகி எல்லாத்தையும் காப்பி எடுத்துடணும். ஆனா காப்பி எடுத்தா மட்டும் மாமாவோட வேலை கிடைச்சிடும்னு நினைக்காதீங்க. யூனிகோட் பரவுறதுக்கு முன்னாடி பாமினி மாதிரி எழுத்துருக்கள்ல அடிச்ச தமிழ் அது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரைக்கும் அது வெறும் இங்கிலீஷ் எழுத்து, மேல தமிழ் உருவம் போர்த்தியிருக்கு, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா ‘ஆடி அமாவாசை’ இருந்த இடத்துல அர்த்தமில்லாத இங்கிலீஷ் எழுத்துக் கொத்து நிக்கும். ராகு காலம், எமகண்டம், எல்லாம் போச்சு.

அதனாலதான் அந்தப் பழைய மெஷின், அந்தப் பழைய சிஸ்டத்தோடயே ஒரு தடவையாவது ஓடணும். இங்க ஒரு பொறி இருக்கு. கார்டு மாத்தின சந்தோஷத்துல புது சிஸ்டம் ஏத்தினீங்கன்னா, 2019ல வந்த காட்டலினாவுல இருந்து 32 பிட் மென்பொருள் எதுவும் ஓடாது. மாமா வாங்கின பழைய அடோபி அதுல அடங்கும், சந்தா கட்டாம பயன்படுத்தின கடைசித் தலைமுறை அது. பழைய டிஸ்க்கை ஐ சியர்ராவோ அதுக்கு முந்தினதோ, இருக்கிற நிலையிலயே வச்சுக்கங்க. புது சிஸ்டம் வேணும்னா வேற எஸ்எஸ்டில போடுங்க.

சிவகாசியில ஆடிப்பெருக்கு அன்னைக்கு அடுத்த வருசக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவாங்க. போன வருச பைலைத் திறந்து, தேதி மாத்தி, கடைப் பேரை மாத்தித்தான் பல டிசைன் பிறக்குது. மெஷின் உயிர் பெற்ற முதல் நாள், வேற எதையும் தொடாம, எழுத்துரு போல்டரை முழுசா காப்பி எடுங்க. அப்புறம் ஒவ்வொரு பைலையும் திறந்து, எழுத்துருவோட ஒரு தடவை சேவ் பண்ணி, எழுத்தை எல்லாம் கர்வ்ஸா மாத்தி ஒரு பிடிஎஃப் தனியா போட்டு வைங்க. கர்வ்ஸ் ஆக்கினதுல பின்னாடி எழுத்துப்பிழை திருத்த முடியாது, அதனால ரெண்டும் வேணும்.